பாஸ்டியரின் இடக்கை

லூயி பாஸ்டியரைப் பள்ளிப் பாடநூல்களில் சந்திக்காதவர் நம்மில் இலர். பாலையும் பழரசத்தையும் கெடாமல் காக்கும் முறைக்கு உலகம் முழுவதும் அவர் பெயரே வழங்குகிறது. வெறிநாய்க்கடிக்கு முதன்முதலில் தடுப்பு மருந்து கண்டவர் அவர். நீலகிரி மலையில் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆய்வகமும் அவர் பெயரைத் தாங்கியே நிற்கிறது. பாடநூல்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. தம் வாழ்வின் கடைசி 27 ஆண்டுகளை அவர் பக்கவாதத்திலிருந்து பிழைத்தவராகவே கழித்தார். வெறிநாய்க்கடி மருந்து, கால்நடைகளுக்கான அடைப்பான் தடுப்பூசி, அவர் பெயரிலான ஆய்வு நிறுவனம் ஆகிய அனைத்தும் இடக்கை விளங்காமல் போன பிறகு அவர் செய்தவை.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் தாய்மாமா ஒருவர் மூன்றாண்டுகளுக்கு முன் மூளை ரத்தக்கசிவிலிருந்து தப்பினார். நடக்கிறார், பேசுகிறார், பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். ஆனால், மருத்துவரிடம் போகும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: மறுபடியும் வருமா? பிழைத்தவர் எவரும் கேட்கும் கேள்வி இது. பாஸ்டியரின் வாழ்க்கையைப் படித்தபோது, இந்தக் கேள்வியுடனேயே அவர் 19 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதும், கடைசியில் அதற்குக் கிடைத்த விடையும் எனக்குப் புலப்பட்டன.

பாஸ்டியர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27 அன்று கிழக்கு பிரான்ஸில் டோல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி; நெப்போலியன் படையில் போரிட்டவர். ஆர்புவா என்ற ஊரில் வளர்ந்த மகன், பாரிஸில் ஆசிரியப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற உயர்கல்லூரியில் படித்து வேதியியலாளர் ஆனார். டார்டாரிக் அமிலப் படிகங்களில் வலமும் இடமுமாக இரு வடிவங்கள் உள்ளன என்பதை 1848-இல் அவர் கண்டறிந்தபோது வயது 25. மறு ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க்கில் மரீ லாரன் என்பவரை மணந்தார். திராட்சை மது புளிப்பதும் பால் திரிவதும் நுண்ணுயிர்களின் வேலை என்று நிறுவியதெல்லாம் அதன் பின்னர் நடந்தவை. அவை நாம் அறிந்த கதை என்பதால் விட்டுவிடுகிறேன்.

1865-ஆம் ஆண்டிலிருந்து அவர் வாழ்க்கை வேறு நிறம் கொள்கிறது. பிரான்ஸின் தெற்கே அலெஸ் பகுதியில் பட்டுப்புழுக்கள் கொத்துக்கொத்தாக மடிந்துகொண்டிருந்தன. பட்டுத் தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் நொடிந்துபோயின. தம் ஆசிரியர் தூமா கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, அதுவரை பட்டுப்புழுவையே ஆராய்ந்திராத பாஸ்டியர் அங்கே சென்றார். அதே ஆண்டு ஜூன் மாதம் தந்தை இறந்தார். சில மாதங்களில் இரண்டு வயது மகள் காமீல் இறந்தாள். மறு ஆண்டு 12 வயது மகள் செசில் டைஃபாய்டு காய்ச்சலுக்குப் பலியானாள். மூத்த மகள் ழான் ஏற்கெனவே 1859-இல் அதே நோயால் போயிருந்தாள். ஐந்து பிள்ளைகளில் மூவரைப் புதைத்தவர், புழுக்களின் நோயை நுண்ணோக்கியில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். துயரமும் ஓயாத உழைப்பும்தான் அவர் மூளை நாளத்தை வெடிக்கச் செய்தன என்று அவர் வரலாற்றை எழுதிய சிலர் கருதுகின்றனர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. துயரப்பட்டவர்கள் எல்லோருக்கும் ரத்தக்கசிவு வருவதில்லை. அவருடைய ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று பார்க்க வழி இருந்திருந்தால், இந்த ஊகங்களுக்கே இடம் இருந்திராது.

1868 அக்டோபர் 19, திங்கட்கிழமை. காலையிலேயே உடலின் இடப்பக்கத்தில் ஒருவகைக் கூச்சம் அவருக்குத் தோன்றியது. மதிய உணவுக்குப் பின் உடல் நடுங்கியது. ஆனாலும், இத்தாலிய ஆய்வாளர் ஒருவர் பட்டுப்புழுவைப் பற்றி எழுதிய கட்டுரையை அன்று அறிவியல் அகாதெமியில் தாமே வாசிக்க வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார். மரீக்கு மனம் ஒப்பவில்லை. கடையில் ஏதோ வாங்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக் கூடவே சென்றார். வாசலில் பாஸ்டியரின் மூத்த சகாவான பலாரைக் கண்டு, திரும்பும்போது கணவருக்குத் துணையாக வருமாறு கேட்டுக்கொண்டார். பாஸ்டியர் தடுமாறாத குரலில் கட்டுரையை வாசித்து முடித்தார். நண்பர்களுடன் நடந்தே வீடு திரும்பினார். சிறிது உண்டுவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தார்.

படுத்த சற்று நேரத்தில் காலையில் வந்தது மீண்டும் வந்தது. உதவிக்கு அழைக்க முயன்றார், குரல் எழவில்லை. சில நிமிடங்களில் பேச்சு திரும்பியது. மருத்துவர் கோதெலியே வரவழைக்கப்பட்டார். அந்த இரவு முழுவதும் இடக்கையும் இடக்காலும் சற்று அசைவதும் பின் மரத்துப்போவதுமாக இருந்து, ஒரு நாள் கழிவதற்குள் இடப்பக்கம் முழுவதும் செயலிழந்தது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. ஈயக்கட்டிபோல் கனத்துக் கிடந்த அந்தக் கையை வெட்டி எறிந்தால் நிம்மதியாக இருக்குமே என்று அவர் முனகியதாகக் குடும்பத்தார் பின்னர் நினைவுகூர்ந்துள்ளனர். அப்போது அவருக்கு வயது 45.

செய்யப்பட்ட சிகிச்சை, காதுகளுக்குப் பின்னால் 16 அட்டைகளை விட்டு ரத்தத்தை உறிஞ்சச் செய்தது. இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. மூளைக்குள் ரத்தம் மிகுந்துவிட்டது என்ற புரிதலுக்குப் பொருந்திய மருத்துவம்தான் அது. இதில் எனக்கு வியப்பூட்டுவது இன்னொன்று. அதே 1868-இல், அதே பாரிஸ் நகரில், ஷார்கோ, பூஷார் என்ற இரு மருத்துவர்கள் மூளை ரத்தக்கசிவால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, மெல்லிய நாளங்களில் தினையளவு புடைப்புகள் இருப்பதையும் அவை உடைவதால் கசிவு நேர்வதையும் விளக்கிக் கட்டுரை வெளியிட்டிருந்தனர். நோயின் அடிப்படை பற்றிய அறிவு பிறந்துவிட்டது. அதைக் கொண்டு ஒரு நோயாளிக்காவது உதவும் வழி பிறக்க இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

மூளை ரத்தக்கசிவு என்றால் என்ன என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. பக்கவாதம் இரு வகைப்படும். ரத்த நாளம் அடைபட்டு மூளையின் ஒரு பகுதி ரத்தமின்றி வாடுவது ஒன்று. நாளம் உடைந்து ரத்தம் மூளைத் திசுவுக்குள்ளேயே பரவி அதை நசுக்குவது மற்றொன்று. மேலை நாடுகளில் பக்கவாதங்களில் 10 முதல் 15 சதவீதம் வரை இரண்டாம் வகை. ஆசிய நாடுகளில் அதன் பங்கு இன்னும் கூடுதல். எண்ணிக்கையில் சிறியதாயினும் கொடுமையில் பெரியது இது. இந்த ரத்தக்கசிவுக்கு ஆளாவோரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகின்றனர். பிழைப்பவர்களிலும் பிறர் துணையின்றி வாழும் நிலைக்குத் திரும்புவோர் குறைவு.

பாஸ்டியருக்கு வந்ததை அவர் காலத்து மருத்துவர்கள் ரத்தக்கசிவு என்றே கொண்டனர். அறிகுறிகளை மட்டும் வைத்து இவ்விரு வகைகளையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. நாளம் அடைபட்டவருக்கும் நாளம் உடைந்தவருக்கும் ஒரே கை, ஒரே கால் விளங்காமல் போகலாம். வேறுபாட்டைக் காட்டும் சி.டி. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளி படுக்கவைக்கப்பட்டது 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் மருத்துவமனை ஒன்றில். இன்று நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சில நிமிடங்களில் கிடைக்கும் விடை, பாஸ்டியரின் படுக்கையைச் சுற்றி நின்ற பாரிஸின் தலைசிறந்த அறிவாளர்களுக்குக் கிட்டவில்லை.

அவர் இறந்துவிடுவார் என்றே எல்லோரும் நம்பினர், அவரும் நம்பினார். மாணவர்களான ழெர்னே, துக்லோ, ரோலன் ஆகியோர் முறைவைத்து இரவில் விழித்திருந்தனர். நோய் தாக்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஓரிரவு ழெர்னேயை அருகே அழைத்து, பட்டுப்புழு முட்டைகளில் நோயை முன்கூட்டியே கண்டறியும் வழி பற்றி ஒரு குறிப்பை வரி வரியாகச் சொல்லி எழுதவைத்தார். மூளையின் எந்தப் பகுதி தாக்கப்பட்டதோ, அது அவருடைய சிந்தனையைத் தொடவில்லை. இதை வெறும் மன உறுதியின் வெற்றியாகச் சொல்வது பிழைத்த மற்றவர்களுக்கு அநீதி. ரத்தம் வலப்பக்க மூளையில் பரவியதால் இடக்கை போயிற்று, மொழி தப்பியது. இடப்பக்கம் பரவியிருந்தால் அந்தக் குறிப்பைச் சொல்ல அவருக்குச் சொற்களே இருந்திரா.

இந்நாட்களில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பாஸ்டியருக்கென்று புதிய ஆய்வுக்கூடம் ஒன்று கட்ட மூன்றாம் நெப்போலியன் ஆணையிட்டு, வேலையும் தொடங்கியிருந்தது. அவர் படுத்ததும் கட்டட வேலை சத்தமின்றி நின்றுபோனது. இறக்கப்போகிறவருக்கு ஆய்வுக்கூடம் எதற்கு என்று அலுவலர்கள் எண்ணியிருக்க வேண்டும். வீட்டார் மறைத்தும், வேலை நின்றதை நோயாளி அறிந்துகொண்டார். தம் சாவுக்காக எல்லோரும் காத்திருக்கின்றனர் என்று நொந்துபோனார். பார்க்க வந்த தளபதி ஃபாவே இதைப் பேரரசரிடம் எடுத்துச் சொல்ல, கட்டட வேலை மீண்டும் தொடங்கியது. பக்கவாதம் வந்தவரைக் குடும்பமும் அலுவலகமும் ஊரும் முடிந்துபோனவராகக் கணக்கெழுதிவிடுவது இன்றும் நடக்கிறது. அந்தக் கணக்கை நோயாளி படுக்கையிலிருந்தே படித்துவிடுகிறார் என்பதை நாம் நினைப்பதில்லை.

மூன்றே மாதங்களில், 1869 ஜனவரியில், நடக்கவே தடுமாறிய நிலையில், மருத்துவர்களும் நண்பர்களும் தயங்கியபோதும், அவர் அலெஸ் பகுதிக்கு ரயிலேறினார். குளிர்ந்த, வசதியற்ற ஒரு வீட்டில் தங்கினார். நாற்காலியில் அமர்ந்தபடியே மனைவிக்கும் மகளுக்கும் மாணவர்களுக்கும் வேலைகளைச் சொன்னார். அவர்கள் புழுக்களை வளர்த்தனர். அந்த ஆண்டின் இறுதியில் டிரியெஸ்ட் நகருக்கு அருகே இளவரசருக்குச் சொந்தமான ஒரு பண்ணையில் அவருடைய முறைப்படி முட்டைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பல ஆண்டுகளாக இழப்பையே கண்ட அந்தப் பண்ணை அடுத்த ஆண்டு லாபம் கண்டது.

இடக்கை மட்டும் திரும்பவில்லை. விரல்கள் மடங்கியே இருந்தன. இடக்காலை இழுத்தே நடந்தார். வலக்கையால் எழுதுவார். குடுவையைப் பிடிப்பது, குழாயைத் திறப்பது, ஊசி ஏற்றுவது என இரு கைகள் தேவைப்படும் எதையும் அவரால் செய்ய இயலவில்லை. சோதனையையே மூச்சாகக் கொண்ட ஒருவருக்கு இது எத்தகைய தண்டனை என்று எண்ணிப் பாருங்கள். எனவே, அவருடைய ஆய்வுக்கூடமே வேறு வடிவம் கொண்டது. எமில் ரூ விலங்குகளுக்கு ஊசி ஏற்றினார். ஷாம்பர்லான் கருவிகளை வடிவமைத்தார். மரீயின் உறவினரான இளைஞர் அத்ரியன் லுவார், பாஸ்டியரின் கைகளாகவே இருக்கப் பழக்கப்பட்டார். 1874-இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஆண்டுக்கு 12,000 பிராங்க் ஓய்வூதியம் வழங்கி அவரை வருவாய்க் கவலையிலிருந்து விடுவித்தது. உடல்நலக் குறைவால் சொர்போன் பேராசிரியர் பணியை அவர் விட்டிருந்த நேரம் அது. பக்கவாதத்துக்குப் பிந்தைய பாஸ்டியர் தனி மனிதர் அல்லர், ஒரு குழு என்று சொல்வதே பொருந்தும்.

அந்தக் குழுவின் பெருமை எல்லாம் அவர் ஒருவர் பெயருக்கே போய்ச் சேர்ந்தது என்ற குறையும் உண்டு. 1881-இல் பூயி-லெ-ஃபோர் என்ற ஊரில் ஆடுகளுக்கு அடைப்பான் தடுப்பூசி போட்டு நடத்திய புகழ்பெற்ற வெளிப்படைச் சோதனையில் பயன்பட்டது ஷாம்பர்லான் வேதிப்பொருள் சேர்த்து உருவாக்கிய மருந்து. பாஸ்டியர் அதைப் பொதுவெளியில் தெளிவுபடுத்தவில்லை. அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் பின்னாளில் இதை உறுதிப்படுத்தின. மேதைகளையும் மனிதர்களாகவே பார்க்க வேண்டும்.

1885 ஜூலை 6 அன்று அல்சாஸ் பகுதியிலிருந்து ஒன்பது வயது ஜோசஃப் மைஸ்டர் என்ற சிறுவனை, வெறிநாய் பல இடங்களில் கடித்த நிலையில், தாய் அழைத்துவந்தார். அவனுக்கு 13 ஊசிகள் போடப்பட்டன. போட்டவர் மருத்துவர் கிரான்ஷே. பாஸ்டியர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். சிறுவன் பிழைத்தான். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் கடிபட்டவர்கள் பாரிஸுக்கு வரத் தொடங்கினர். ரஷியாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலிருந்து வெறிபிடித்த ஓநாய் கடித்த 19 பேர் வந்தனர். அவர்களில் மூவர் இறக்க, 16 பேர் ஊர் திரும்பினர்.

இதற்கிடையே இதயமும் தளரத் தொடங்கியிருந்தது. 1886 நவம்பரில் ஓய்வுக்காக இத்தாலியக் கடற்கரையூரான போர்திகேராவுக்குச் சென்றார். 1887 பிப்ரவரியில் அங்கு நிலநடுக்கம் ஏற்படவே, ஊர் திரும்ப நேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. அறையில் ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டு மனைவியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நாக்கு அசையவில்லை. 19 ஆண்டுகளாக வராமல் இருந்தது வந்துவிட்டது. சில நாள்களில் பேச்சு சற்றுத் திரும்பியது. அடுத்த வாரமே இன்னொரு தாக்குதல். இம்முறை முன்போல மீளவில்லை. குரல் மங்கிப்போயிற்று. சோதனைக்கூடத்துப் பாஸ்டியர் அன்றோடு ஓய்ந்தார்.

என் மாமாவின் கேள்விக்கு இன்றைய மருத்துவம் தரும் விடை இதுதான். மூளை ரத்தக்கசிவிலிருந்து பிழைத்தவர்களுக்கு அது மறுபடி வரும் வாய்ப்பு, பல ஆய்வுகளின்படி, ஆண்டுக்கு 1 முதல் 7 சதவீதம் வரை. முதலாண்டில் கூடுதல், பிறகு குறையும், ஆனால் அற்றுப்போவதில்லை. ஆண்டுக்கு 2 சதவீதம் என்பது சிறியதாகத் தோன்றும். பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ 18 சதவீதமாகத் திரளும். அதாவது, ஐவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. எங்கே கசிந்தது என்பதும் முக்கியம். உயர் ரத்த அழுத்தத்தால் மூளையின் ஆழத்தில் கசிந்தவர்களுக்கு மறுதாக்குதல் குறைவு. முதியவர்களின் நாளச் சுவர்களில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து மூளையின் மேற்பரப்பை ஒட்டிக் கசிந்தால், வாய்ப்பு ஆண்டுக்கு 7 சதவீதத்தைத் தொடுகிறது. இரண்டாவது கசிவு, முதலாவது விட்டுவைத்த திறன்களின் மீது விழுகிறது. முதல்முறை கையை இழந்தவர் இரண்டாம் முறை பேச்சை இழக்கிறார், நினைவாற்றல் மங்குகிறது, தன்னந்தனியாக நடமாடியவருக்கு எந்நேரமும் ஒருவர் துணை வேண்டியதாகிறது. பாஸ்டியருக்கு நேர்ந்ததும் இதுவே.

தடுக்க முடியாதா என்றால், பெருமளவு முடியும். பக்கவாதம் வந்த 6,105 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ரத்த அழுத்த மாத்திரைகள் பக்கவாதம் மறுபடி வருவதை 28 சதவீதம் குறைத்தன. முன்பு ரத்தக்கசிவுக்கு ஆளானவர்களிடம் அது ஏறத்தாழ பாதியாகவே குறைந்தது. அழுத்தம் குறைந்ததோ சராசரியாக மேலெண்ணில் 9, கீழெண்ணில் 4 மட்டுமே. இவ்வளவு சிறிய இறக்கத்துக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைக்கும் இடங்கள் மருத்துவத்தில் அதிகம் இல்லை. ரத்தக்கசிவுக்குப் பிறகு அழுத்தத்தை 130/80-க்குள் வைத்திருக்குமாறு இன்றைய வழிகாட்டுதல்கள் அறிவுறுத்துகின்றன. உடல் தேறிவிட்டது, தலைவலிகூட இல்லை என்று மாத்திரையை நிறுத்துவோரை நான் என் உறவுகளிலேயே பார்க்கிறேன். நாளம் உடையும் நொடிவரை உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

இதயநோயும் சேர்ந்திருந்தால் சிக்கல் கூடும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை வேண்டும். மூளையில் கசிந்தவருக்கு அதைக் கொடுக்கலாமா? 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 537 பேரை ஒப்பிட்டபோது, அம்மாத்திரைகளைத் திரும்பத் தொடங்கியவர்களுக்குக் கசிவு கூடவில்லை. எனினும், ஒவ்வொருவருக்கும் மருத்துவர் தனித்தனியே எடைபோட்டு முடிவு செய்ய வேண்டியது இது. அக்கம்பக்கத்தார் யோசனையில் தொடங்குவதும் தவறு, நிறுத்துவதும் தவறு.

பாஸ்டியருக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை. 1888 நவம்பர் 14 அன்று குடியரசுத் தலைவர் சாதி கார்னோ முன்னிலையில் பாஸ்டியர் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டபோது, அவர் எழுதிய உரையை மகன் ழான்-பாப்டிஸ்ட்தான் வாசித்தார். 1892-இல் சொர்போன் அரங்கில் 70-ஆவது பிறந்தநாள் விழா நடந்தது. குடியரசுத் தலைவரின் கையைப் பற்றியபடி அவர் நடந்துவந்தார். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த அறுவை மருத்துவர் லிஸ்டரை அணைத்துக்கொண்டார். அன்றும் மகனே உரையை வாசித்தார். 1894 நவம்பரில் சிறுநீரகங்களும் பழுதாயின. நீடித்த உயர் ரத்த அழுத்தம் சேதப்படுத்தும் உறுப்புகளின் பட்டியலில் மூளை, இதயம், சிறுநீரகம் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. அவருக்கும் அந்த மூன்றுமே போயின. இறுதி மாதங்களில் பக்கவாதம் முற்றி உடல் முழுவதும் அசைவிழந்தது. 1895 செப்டம்பர் 28 அன்று, பாரிஸுக்கு வெளியே வில்நவ்-லெதான் என்ற இடத்தில், ஒரு கை மரீயின் கைக்குள் இருக்க, 72 வயதில் காலமானார்.

ஆறு வாரங்களில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டு, 1896-இல், இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, மேற்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து ரத்த அழுத்தத்தை அளக்கும் எளிய கருவியை அறிமுகம் செய்தார். இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் நம் கையைச் சுற்றுவது அதன் வழித்தோன்றலே.

நோத்ர் தாம் தேவாலயத்தில் அரசு மரியாதை செய்யப்பட்டபின், 1896 ஜனவரியில் அவருடைய உடல் ஆய்வு நிறுவனத்தின் கீழ்த்தளத்தில் கட்டப்பட்ட கல்லறையில் வைக்கப்பட்டது. கணவர் சொல்லச் சொல்ல எழுதி, அவருக்காகப் புழு வளர்த்து, 1868-இல் அகாதெமி வாசல்வரை கூடவே சென்ற மரீ, அந்த நிறுவன வளாகத்திலேயே மேலும் 15 ஆண்டுகள் வாழ்ந்தார். 1910 செப்டம்பரில் அவரும் இறந்தபோது, அதே கல்லறைக்குள் கணவரின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.